ஒரு சொட்டுத் தண்ணீர்

கூடத்துச் சுவரில் ஈரம் முழங்கால் உயரத்துக்கு ஏறியிருந்தது. மறுநாள் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். குற்றாலலிங்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

“நம்ம கிணத்துத் தண்ணி மாதிரி வருமா! அந்தப் பொறாமையிலதான் அவன் இப்படிச் சுவத்துல தண்ணிய விடுதான்.”

சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி மகேஸ்வரன் வீடு. பாகம் பிரித்த அன்று, ‘உன் வீட்டுத் தண்ணி ஒரு சொட்டு என் வாயில படாது’ என்று தெருவில் நின்று தம்பியிடம் சொன்னவர் குற்றாலலிங்கம்.

“மழை ஈரமா இருக்குங்க. பாயைத் தொங்கவிட்டு மறைச்சிருவோம்” என்று பதறினாள் மனைவி பிரம்மநாயகி.

“எதுக்கு மறைக்கணும்? அவன் லட்சணம் ஊருக்குத் தெரியட்டும். ஏலே இசக்கிமுருகா, உடைச்சுப் பாருலே!”

பிளம்பர் இசக்கிமுருகன் உளியை வைத்துத் தட்டினான். பூச்சு உதிர்ந்து, கசியும் குழாய் ஒன்று தெரிந்தது.

“பாத்தியாலே! அவன் வீட்டுக் குழாய்!”

“ஆமா அண்ணாச்சி, அங்கன இருந்துதான் வருது. ஆனா, நம்ம அடுக்களைத் தொட்டிக்குல்லா போகுது!”

குற்றாலலிங்கம் மனைவியைப் பார்த்தார். அவள் தலை குனிந்தாள்.

“நம்ம கிணறு உப்புக் கரிக்க ஆரம்பிச்சு ரொம்ப வருசமாச்சுங்க. கொழுந்தனார்தான் அவுக ஆத்துத் தண்ணிக் குழாய்ல இருந்து இழுத்துக் குடுத்தாக. அண்ணனுக்குத் தெரியவே கூடாதுன்னுட்டாக.”

அவர் கையிலிருந்த செம்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“குழாயை அடைச்சிரட்டுமா அண்ணாச்சி?”

“ஒழுகாம இறுக்கு. நாளைக்கு வாரவங்களுக்குக் காப்பி போடணும்லா.”

குழாயை இறுக்க இன்னும் கொஞ்சம் பூச்சை உடைக்க வேண்டியிருந்தது; இசக்கிமுருகன் சுத்தியலை எடுத்தான். குற்றாலலிங்கம் சட்டென்று அவன் கையைப் பிடித்தார்.

“பைய தட்டுலே. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சிரப் போகுது.”