ஒரே பாட்டு, ரெண்டு சிடி

“அதே ஆல்பம்தாம்ப்பா. ஒலியைச் சுத்தம் பண்ணி மறுபடி போட்டிருக்காங்க. இதைக் கேட்டுட்டு உங்க பழைய சிடியெல்லாம் தூக்கிப் போடுங்க,” என்றான் மகன்.

“கம்பெனிக்காரன் சத்தத்தைக் கூட்டி வச்சுட்டு சுத்தம்கிறான். நீயும் நம்பி வாங்கிட்டு வந்துட்டே!” என்றார் அப்பா.

“அம்மா சொல்லட்டும். புதுசுதான் நல்லாயிருக்குன்னா உங்க அலமாரி காலி. சம்மதமா?”

அப்பா ஒத்துக்கொண்டார். ஆனால் மகனை நம்பவில்லை. இரண்டு பிளேயரிலும் சத்தம் சமமாக வரும்படி அவரே திருகி வைத்துவிட்டுத்தான் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

எதில் எந்த சிடி ஓடுகிறது என்று தெரியாதபடி மகன் துண்டால் மறைத்தான். ஒரு விரலைக் காட்டி ஒன்றை ஓடவிட்டான். இரண்டு விரலைக் காட்டி மற்றதை ஓடவிட்டான். அம்மா யோசிக்காமல் இரண்டு விரலைக் காட்டினாள். அது பழசு. வரிசையை மாற்றி மாற்றிப் போட்டும் அம்மா காட்டியது பழசைத்தான்.

“அம்மாவுக்கு என்னா காதுப்பா!” என்று மகன் தோல்வியோடு வெளியே போனான்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. “புதுசுல என்னடி குறை கண்டே?”

“சத்தமாக் கேளுங்க. காது மெஷின்ல பேட்டரி காலையிலேயே போச்சு.”

“அப்போ பாட்டு?” என்று கத்தினார்.

“பாட்டை யாரு கேட்டா? உங்க மூஞ்சியைத்தான் பார்த்தேன். ஒண்ணு ஓடுறப்போ கடுகடுன்னு இருந்தீங்க. இன்னொண்ணு ஓடுறப்போ, கல்யாணமான புதுசுல என்னைப் பார்ப்பீங்களே, அப்படி இருந்தீங்க.”

மகன் வாசலில் நிற்கிறானா என்று எட்டிப் பார்த்துவிட்டு, அப்பா அவசரமாகப் பேட்டரி தேட ஆரம்பித்தார்.