பன்னிரண்டு கிலோ இடம்

இமானுவேல் பெட்டிக்குள் வைத்த உப்புக்கண்டப் பொட்டலத்தை ஜெசிந்தா எடுத்து வெளியே வைத்தாள்.

"எதுக்குடி எடுக்குற?"

"வெயிட்டு கூடிரும்ங்க. ஏர்போர்ட்ல நிப்பாட்டிருவாக."

"முப்பது கிலோ வரைக்கும் விடுவாக. இது பதினெட்டுதான். இன்னும் பன்னெண்டு கிலோவுக்கு எடம் கெடக்கு."

அடுத்து நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில் வெளியே வந்தது.

"எண்ணெய் ஒழுகுனா சட்டையெல்லாம் பாழாப் போகும்."

பருப்புப் பொடியிலும் அவள் கை வைத்தபோது அவனுக்குச் சுருக்கென்றது. சென்ற முறை மஸ்கட்டுக்குப் புறப்பட்டபோது மூன்று நாள் அடுப்படியை விட்டு நகராமல் எல்லாம் செய்தவள் இவள்தான். மூடாத பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து பூட்டியவளும் இவள்தான்.

"ரூம்ல இருக்க சின்னமனூர்க்காரன் மூட்டை மூட்டையா கொண்டு வாரான். நான் மட்டும் வெறும் பெட்டியோட போகவா? குப்பூஸ் ரொட்டியத் தின்னு தின்னு அங்கன நாக்கு செத்துப் போகுது ஜெசி."

அவள் பெட்டியை மூடினாள்.

"எம் மேல அப்பிடி என்ன கோவம்?"

"கோவமெல்லாம் இல்லங்க. போன தடவ ஒரு கொறையும் இல்லாம கட்டிக் குடுத்தேன். தீரத் தீர, வந்து போற ஆளுக கிட்டயும் குடுத்து விட்டேன். ஒரு வருசத்துல வாரேன்னு போனவுக, நாலு வருசம் கழிச்சு வந்தீக. மாதா கோயில்ல பிள்ளைக்குப் புதுநன்மை குடுத்ததப் போட்டோவுலதான் பாத்தீக."

பெட்டிச் சாவியை அவன் கையில் வைத்தாள்.

"இந்தத் தடவ நாக்கு சாகட்டும். அப்பவாச்சும் வெரசா வருவீகள்ல?"