பார்வையாளர் ஒருவர்

கேமராவின் முக்காலிக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருந்தவள் மடிக்கணினித் திரையை மறுபடியும் பார்த்தாள்.

பார்ப்பவர்: 1.

அந்த ஒருவர் தானேதானோ என்ற சந்தேகத்தில் தன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். அணைந்துதான் இருந்தது. இன்றைய கூட்டம் தொடங்கியதிலிருந்து இது மூன்றாவது முறை.

ஆறு மாதமாக நகர்மன்றக் கூட்டங்களை அவள்தான் இணையத்தில் நேரலையாக அனுப்பிவருகிறாள். எந்தத் தெருவைத் தோண்டப்போகிறார்கள், எந்தப் பேருந்து நிறுத்தம் இடம் மாறுகிறது, தண்ணீர் எப்போது வரும் என்பதையெல்லாம் மக்கள் இருந்த இடத்திலிருந்தே தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் ஆரம்பித்தார்கள்.

அந்த எண் ஒன்றைத் தாண்டியதே இல்லை. ஆனால் ஒருநாளும் பூஜ்யமாகவும் ஆனதில்லை.

அந்த ஒருவருக்குக் கண் மங்கலோ என்று எழுத்தைப் பெரிதாக்கினாள். காது மந்தமோ என்று ஒலியைக் கூட்டினாள். யாரோ அணைக்க மறந்துபோன வெறும் கைப்பேசிதானோ என்றும் சில நாள் தோன்றும். அன்றைக்கு மட்டும் வேலையே ஓடாது.

இன்றைய பன்னிரண்டாவது தீர்மானம், நேரலையை நிறுத்துவது.

"இதுல பேச என்னங்க இருக்கு?" ஏழாம் வார்டு உறுப்பினர் எழுந்து, மேசைமேல் இருந்த மைக்கைப் புறங்கையால் ஓரம் தள்ளினார். அவர் தொண்டைக்கு அது தேவையில்லை. "ஒரே ஒரு ஆளு பாக்கறதுக்கு ஒரு கேமரா, ஒரு மேசை, கால்ல சிக்கற மாதிரி அத்தனை ஒயரு. அந்த ஒரு ஆளும் இந்தப் பொண்ணோட மாமியாராத்தான் இருக்கும்!"

அரங்கு குலுங்கிச் சிரித்தது.

அவளும் சிரித்துவைத்தாள். மாமியார் இந்த நேரத்தில் மதியத் தூக்கத்தில் இருப்பார். போன மாதமே கேட்டு உறுதி செய்துகொண்டிருந்தாள்.

நிறுத்திவிட்டால் பழையபடி பிறப்புச் சான்றிதழ் மேசைக்குப் போக வேண்டியதுதான். அதுகூடப் பரவாயில்லை. அடுத்த கூட்டத்தன்று அந்த ஒருவர் திரையைத் திறந்து, இருட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பாரே என்பதுதான் அவளை உறுத்தியது.

"சரி, ஒத்துக்கறவங்க கையைத் தூக்குங்க," என்றார் தலைவரம்மா. குரல் அரங்குக்கே பாதிதான் கேட்டது.

மொத்தம் பதின்மூன்று உறுப்பினர்கள். ஏழு கை போதும்.

நான்கு கைகள் சட்டென்று எழுந்தன. ஐந்தாவது கை பக்கத்து நாற்காலியைப் பார்த்துவிட்டு எழுந்தது. கொட்டாவி விட்டுக்கொண்டே ஆறாவது.

அப்போது, ஆறு மாதமாக வெள்ளையாகவே கிடந்த கருத்துப் பெட்டியில் ஒரு வரி வந்து விழுந்தது.

படித்தாள். திரும்பி அரங்கின் பின்பக்கம் பார்த்தாள். பொதுமக்களுக்கான மூன்று பெஞ்சுகளும் காலி. மறுபடி படித்தாள்.

கூட்டம் நடக்கும்போது ஊழியர்கள் வாய் திறக்கக் கூடாது. விதிப் புத்தகத்தில் அது எத்தனையாவது பக்கம் என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

எழுந்து நின்றாள்.

"தலைவரம்மா, பாக்கறவங்க எழுதியிருக்காங்க." திரையைப் பார்த்தே வாசித்தாள். "மைக்கைக் கொஞ்சம் கிட்ட வைங்க, பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கலயாம்."

சிரிக்க வாயெடுத்த ஏழாம் வார்டு உறுப்பினர் பாதியில் நிறுத்தினார். "பின்னாடியா? ஒத்த ஆளுக்கு ஏதும்மா பின்னாடி?"

ஆறு கைகளும் அந்தரத்தில் நின்றன. அவற்றில் ஒன்று, தலைமுடியைச் சரிசெய்யத்தான் மேலே போனது என்பதுபோல, மெல்லக் கீழே இறங்கியது.

தலைவரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எத்தனை பேரு இருக்காங்கன்னு கேளும்மா."

கேள்வியைத் தட்டிய அவசரத்தில் இரண்டு பிழை விழுந்தது. அழித்து, திருத்தி, இன்னொரு முறை படித்துப் பார்த்துத்தான் அனுப்பினாள்.

பார்ப்பவர்: 1.

ஏழாம் வார்டு உறுப்பினர் கையை நீட்டி, தள்ளிவிட்ட மைக்கை எடுத்துத் தலைவரம்மாவின் முன்னால் வைத்தார்.

பதில் வந்தது. அவள் சத்தமாகவே வாசித்தாள்.

"போன் ஒண்ணுதாங்க. ஆளுங்க எத்தனைன்னா... உக்காந்திருக்கறவங்களை மட்டும் எண்ணிச் சொல்லவா, இல்ல நிக்கறவங்களையும் சேத்தா?"