ரெஜினாள் பார்த்த முகம்

கடலுக்குப் போன மகன் ஜெரோன் திரும்பவில்லை. கரை ஒதுங்கிய உடலைக் காட்டியபோது, "இது எம்மவன் இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தாள் ரெஜினாள். முகத்தை மீன்கள் தின்றிருந்தன. ஜெரோனுக்கு இருந்தது போலவே ஒட்டிப் பிறந்த கால்விரல்களைப் பார்த்தும் அப்படித்தான் சொன்னாள். வேறெந்தக் கரையிலாவது ஏறியிருப்பான் என்று தினமும் அவனுக்கும் சேர்த்தே சோறு வடித்தாள்.

கிறிஸ்து அரசர் திருநாள் பூசையில், நீ அரசனா என்று பிலாத்து இயேசுவிடம் கேட்ட பகுதியைச் சாமியார் வாசித்தார். ரெஜினாள் பீடத்துக்கு மேல் சிலுவையில் தொங்கிய பாடுபட்ட சுரூபத்தை நிமிர்ந்து பார்த்தாள். வீங்கிய கண், கிழிந்த கன்னம், முள்முடி. இந்த முகத்தைத்தான் எல்லோரும் அரசரே என்று பாடினார்கள். சிலுவையடியில் நின்ற மாதா, இவன் என் மகன் இல்லை என்று சொல்லவில்லை.

பாட்டு முடியுமுன் எழுந்து, அந்த உடல் கேட்பாரின்றிக் கிடந்த பிணவறைக்கு நடந்தாள்.

"யம்மா, நீங்கதான அன்னைக்கு இல்லன்னு சொன்னீங்க?" என்றார் காவலர்.

"பொய் சொல்லிட்டேன்யா. எம் புள்ளதான்."

அவர் துணியை விலக்கினார். முகமில்லாத அந்தத் தலையை இரு கைகளாலும் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "எம் ராசா" என்றாள் ரெஜினாள்.