செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஓர் ஆப்

"திருடறதுக்குன்னு சொல்லிடாத மாப்ள. செடிக்குத் தண்ணி ஊத்தறதுக்குன்னு சொல்லு. அது நல்ல குடும்பத்துப் பிள்ளை மாதிரி, பயந்துடும்."

மச்சான் சொன்னதைத் தம்பி அப்படியே லேப்டாப்பில் ஏஐயிடம் தட்டினான். வெளியூர் போகிறவர்கள், வீடு என்றைக்குப் பூட்டியிருக்கும், சாவி எங்கே இருக்கும் என்று போட்டால் போதும். ஆட்கள் வந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார்கள். அதற்கு ஓர் ஆப் வேண்டும்.

"அருமையான யோசனை!" என்று பதில் வந்தது.

தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து அவனிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்த நிமிடத்திலிருந்து ஏஐக்கு அவர்கள் வைத்த பெயர் தொரை.

தொழிலில் அவர்களுக்கு இருந்த ஒரே தலைவலி, பூட்டிய வீட்டைக் கண்டுபிடிப்பதுதான். போன தடவை ஆளில்லாத வீடு என்று நம்பி மச்சான் பால்கனி வழியாக இறங்கினால், உள்ளே நான்கு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஃபேன் ரிப்பேருக்கு வந்த ஆளா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லி, ஃபேனையும் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தார். இனிமேல் அந்தப் பிழைப்பு வேண்டாம். வீட்டுக்காரரே நாளும் குறித்து, சாவியும் கொடுத்துவிடுவார்.

லேப்டாப் அக்காவுடையது. அதில் அவள் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை பார்த்துத்தான் மூன்று பேருக்கும் சோறு. லீவு போட்டுத் தோழி வீட்டுக்குக் கிளம்பும்போதே சொல்லிவிட்டுத்தான் போனாள். "லேப்டாப் மேல ஒரு கீறல் விழுந்தாலும் புருஷன்னும் பார்க்க மாட்டேன், தம்பின்னும் பார்க்க மாட்டேன். ரெண்டு பேரும் ரோட்டுலதான்." ஞாயிறு காலை வந்துவிடுவாள். அதற்குள் எடுத்த இடத்தில் வைத்துவிட வேண்டும்.

டயர் கடை மாடியில் ஒற்றை அறை அவர்கள் வீடு. ஆப் செய்கிற மும்முரத்தில், ஜன்னலில் அக்கா வைத்திருந்த மணி பிளாண்ட் தலை தொங்கிக் கிடந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

தொரை ஓயாமல் கேள்வி கேட்டது. சோதித்துப் பார்க்க ஒரு மாதிரி வீடு வேண்டும் என்றது. தம்பி தங்கள் அறையின் விவரத்தையே போட்டான். திரையில் அது பச்சைப் புள்ளியாக மின்னியதும், மச்சான் அவன் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தார். தண்ணீர் ஊற்ற வருகிறவர்கள் யார் எவர் என்று சரிபார்க்கும் வசதி வேண்டுமா என்பது அடுத்த கேள்வி.

"யாரை? நம்மளையா?" மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வேண்டாம்னு போடு."

அதற்குப் பிறகு வந்த எதையும் தம்பி படிக்கவில்லை. தொரை பக்கம் பக்கமாக எழுதிச் சரியா என்று கேட்கும். இவன் சரி என்று அழுத்துவான். படித்துப் பார்த்து அழுத்தக் கூடாதா என்றார் மச்சான்.

"நம்மளவிடப் படிச்சது மச்சான் அது. நாம போய்த் திருத்தினா அசிங்கமாயிடும்."

தெருத்தெருவாக நோட்டீஸ் ஒட்டினார்கள். வியாழக்கிழமையே முதல் வாடிக்கையாளர் மாட்டினார், மஞ்சள் கேட் வீட்டுப் பல் டாக்டரம்மா. சனிக்கிழமை முழுக்க வீட்டில் ஆளில்லை. சாவி மீட்டர் பெட்டிக்குள்.

சனிக்கிழமை மதியம் போனார்கள். சாவி சொன்ன இடத்தில் சமர்த்தாக இருந்தது. மச்சான் அதைப் பூட்டில் நுழைக்கவும், பக்கத்து வீட்டு மதிலுக்கு மேல் ஒரு வழுக்கைத் தலை எழும்பவும் சரியாக இருந்தது.

"செடிக்காரங்கதானே? டாக்டரம்மா என்னைக் கூடவே நின்னு பார்த்துக்கச் சொன்னாங்க. வீட்டுக்குள்ள ஒண்ணும் வேலை இல்ல, மாடியில ஆரம்பிங்க. ரோஜாவுக்கு வேர்ல ஊத்தணும், தலையில ஊத்தக் கூடாது."

நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்துவிட்டார் மனிதர். மொட்டைமாடி, படிக்கட்டு, கொல்லை என்று திரும்பிய பக்கமெல்லாம் தொட்டி. தாகம் என்ற சாக்கில் தம்பி வீட்டுக்குள் நுழையப் பார்த்தான். தன் வீட்டிலிருந்தே பாட்டில் எடுத்துவந்து கொடுத்தார். இருட்டும்வரை ஊற்றினார்கள். ஒரு ஸ்பூன்கூடக் கையில் சிக்கவில்லை. கிளம்பும்போது சாவியையும் அவரே வாங்கிக்கொண்டார்.

"இவ்வளவு உழைக்கறதுக்கு நாம வேலைக்கே போயிருக்கலாம் மாப்ள." வழியெல்லாம் மச்சான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு புலம்பினார்.

மாடியேறினால், அறைக் கதவு திறந்திருந்தது. யாரும் உடைக்கவில்லை. சாவி பூட்டிலேயே தொங்கியது. மேசையில் லேப்டாப் இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் பளிச்சென்று இருந்தது.

மச்சான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார்.

"மாப்ள, சோதிச்சுப் பார்க்க நம்ம வீட்டைப் போட்டியே, அதை அப்புறம் எடுத்துட்டதானே?"

"வச்சுக்கலாமா எடுத்துடலாமான்னு தொரை ஏதோ கேட்டுச்சு. நான் சரின்னு அழுத்திட்டேன்."

"வீடு பூட்டியிருக்கிற நாள் என்ன போட்ட?"

"சனிக்கிழமை."

"சாவி?"

"வாசல்ல பழைய ஷூவுக்குள்ள."

"அங்கதானேடா நிஜமாவே வைக்கிறோம்."

"சட்டுனு பொய் சொல்ல வரல மச்சான்."

எவனோ ஒருவன் தண்ணீர் ஊற்றுகிறவனாகச் சேர்ந்திருக்கிறான், அவன் யார் எவன் என்று கண்டுபிடிக்க முடியாதா என்று மச்சான் கேட்டார். அந்த வசதியை வேண்டாம் என்றது யார் என்று தம்பி திருப்பிக் கேட்டான். போலீஸுக்குப் போகலாம் என்ற பேச்சு எழுந்தது. போய் என்ன தொழில் செய்கிறோம் என்று சொல்வது என்ற இடத்தில் அது படுத்துவிட்டது. விடிந்தால் அக்கா வந்துவிடுவாள்.

ஜன்னலில் மணி பிளாண்ட் தலை நிமிர்ந்து நின்றது. இலை நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

தம்பியின் போன் மணியடித்தது. அவர்கள் செய்த ஆப்தான்.

"உங்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. எங்கள் சேவை எப்படி இருந்தது, எத்தனை ஸ்டார் கொடுப்பீர்கள்?"