தப்பிப் பிழைத்த கத்தரி

மூன்று வருஷமாக யாரும் எட்டிப் பார்க்காத கொல்லையில் ஒரு கத்தரிச்செடி மட்டும் உயிரோடு இருந்தது. அன்று வீட்டுக்காரர் ஆசையாக நட்ட ஆறில் அது ஒன்றுதான் மிச்சம். துணி துவைத்த தண்ணீர் எப்போதாவது வழிந்து வந்தால் குடித்துக்கொள்ளும். இலையெல்லாம் ஓட்டை, ஒரே ஒரு பிஞ்சு.

ஆடி பிறந்ததும் வீட்டுக்காரர் துருப்பிடித்த மண்வெட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார்.

"பாத்தியா, வந்துட்டாரு!" என்றது செடி மண்வெட்டியிடம். "இந்தப் பிஞ்சை அவருக்குன்னுதான் வச்சிருக்கேன்."



"எல்லாத்தையும் சுத்தமா எடுத்துட்டுப் புதுசா ஆரம்பிக்கணும்," என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே அவர் முதல் வெட்டுப் போட்டார்.

சாயங்காலம் அதே இடத்தில் நர்சரியிலிருந்து வந்த ஆறு கத்தரி நாற்றுகள் நின்றன.

"எங்களுக்குத் தினமும் தண்ணி ஊத்துவாரா?" என்று அவை கேட்டன.

"இந்த வாரம் ஊத்துவாரு," என்றது மண்வெட்டி. "அதுக்கப்புறம் எப்படிப் பிழைக்கிறதுன்னு தெரிஞ்சவ ஒருத்தி இங்க இருந்தா. காலையிலதான் அவளை வெட்டினேன்."