தையல்காரருக்குப் பிடித்த புத்தகம்

நூலகத்தில் ‘நம் ஊர் எழுத்தாளர்கள்’ என்று தனி அலமாரி வைக்க நூலகருக்குத் தோன்றியதே அந்தத் தையல்காரரால்தான். உள்ளூர்க்காரர் ஒருவர் எழுதிய நாவலைத் திருப்பித் தருவதும், கையோடு மறுபடி எடுத்துப் போவதுமாக இருந்தார் அவர்.

“அண்ணே, ஒரு நல்ல சேதி. இவ்வளவு கிராக்கியான்னு மாவட்ட நூலகத்துலேர்ந்து அந்த நாவலைப் பத்துப் பிரதி அனுப்பியிருக்காங்க!” என்றார் நூலகர்.

தையல்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“ஐயையோ! நான் ரசிச்சா எடுத்தேன்? வேற யார் கையிலயும் சிக்கிடக் கூடாதுன்னு எடுத்தேம்மா.”

“என்னண்ணே சொல்றீங்க?”

“அதுல கல்யாணத்தன்னிக்கு ஒருத்தி வீட்டை விட்டு ஓடிப்போறாளே, அது என் தங்கச்சி கதை. பேரை மட்டும் மாத்திட்டு ஒண்ணு விடாம எழுதிட்டான் பாவி. இப்பத்தான் ஊர் திரும்பி, டீச்சர் வேலைக்குப் போய், நாலு பேர் முன்னாடி தலைநிமிர்ந்து நடக்கறா. இப்படி ஒரு புத்தகம் இருக்கறதே அவளுக்குத் தெரியாது.”

நூலகர் புதுப் பிரதிகள் இருந்த அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

“அண்ணே... காலையில அவங்க இங்க வந்திருந்தாங்க. ‘உங்கண்ணனுக்கு உசுரான புத்தகம்’னு நான்தான் வலியக் கூப்பிட்டு ஒண்ணைக் கையில குடுத்தேன். ‘எங்கண்ணன் கதையெல்லாம்கூடப் படிக்குமா’ன்னு சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டுப் போனாங்க.”